போஸ்ட் ஜீரோ, சாட் ஃபுல்: டீன்ஏஜ் பிள்ளைகள் எங்கே பேசுகிறார்கள்? பிராண்டுகள் எங்கே நிற்க வேண்டும்?

போன மாதம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். பிளஸ் ஒன் படிக்கும் சித்தி பொண்ணு, இன்ஸ்டாகிராமில் எனக்கு ஃபாலோ ரிக்வெஸ்ட் அனுப்பினாள். ப்ரொஃபைலைத் திறந்து பார்த்தால், போஸ்ட்: ஜீரோ. ப்ரொஃபைல் போட்டோவில் ஒரு பூனை. ஃபாலோயர்கள் மட்டும் 400-க்கு மேல்.

“என்னடி, ஒரு போட்டோகூட இல்ல?”

“அக்கா, போஸ்ட் எல்லாம் இப்போ யாரு போடுறா? அது உங்க வயசு ஆளுங்க பண்றது.”

எனக்கு 26 வயசு. அந்த அதிர்ச்சியிலிருந்து நான் மீள்வதற்குள் அவள் போனில் ஏழெட்டு நோட்டிஃபிகேஷன். எல்லாம் டிஎம், குரூப் சாட். ஒரு ரீல், இரண்டு வாய்ஸ் நோட், ஒரு வடிவேலு ஸ்டிக்கர். வெளியிலிருந்து பார்த்தால் ஆளே இல்லாத அக்கவுண்ட். உள்ளே போனால் திருவிழாக் கூட்டம்.

நீங்கள் ஒரு பிராண்டின் சோஷியல் மீடியா பேஜைப் பார்த்துக்கொள்பவராக இருந்தால், இந்தக் காட்சி உங்களுக்கு ஒரு தலைவலி. டீன்ஏஜ் பிள்ளைகள் உள்ள வீட்டில் இருப்பவராக இருந்தால், இது வேறு மாதிரிக் கவலை. இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

தெரு, திண்ணை, உள்ளறை

இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மோசேரி 2023-ல் ஒரு பாட்காஸ்ட்டில் இதை வெளிப்படையாகவே சொன்னார். டீன்ஏஜ் பயனர்கள் ஃபீடில் செலவிடுவதைவிட ஸ்டோரிகளில் அதிக நேரம் செலவிடுகிறார்கள். ஸ்டோரிகளைவிட டிஎம்-மில் இன்னும் அதிக நேரம் செலவிடுகிறார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். போட்டோ போடுவதற்காகவே 2010-ல் தொடங்கப்பட்ட ஓர் ஆப், இந்த வயதுக்காரர்களுக்கு ஏறக்குறைய ஒரு மெசேஜிங் ஆப் ஆகிவிட்டது.

நம் ஊர் வீடுகளை வைத்துப் பார்த்தால் சுலபமாகப் புரியும். ஃபீட் என்பது தெரு. யார் வேண்டுமானாலும் போவார்கள், வருவார்கள். ஸ்டோரி என்பது திண்ணை. தெரிந்தவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், 24 மணி நேரத்தில் தடயமே இருக்காது. ‘க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ்’ ஸ்டோரி என்றால் திண்ணையிலும் ஒரு தட்டி கட்டிவிட்ட மாதிரி. டிஎம்-மும் குரூப் சாட்டும் வீட்டின் உள்ளறை. அங்கே செருப்பை வெளியே விட்டுவிட்டு, கூப்பிட்டவர்கள் மட்டும்தான் நுழைய முடியும்.

தெருவில் பிள்ளைகள் இல்லாமல் இல்லை. மணிக்கணக்கில் ரீல்ஸ் பார்க்கிறார்கள். ஆனால் பார்ப்பதோடு சரி. பேசுவது உள்ளறையில்.

ஏன் உள்ளே போனார்கள்?

முதல் காரணம் நாம்தான். அப்பா, அம்மா, மாமா, டியூஷன் சார், மேல்வீட்டு ஆன்ட்டி என்று எல்லோரும் தெருவுக்கு வந்துவிட்டோம். “நேத்து அந்தப் போட்டோல உன் பக்கத்துல நின்ன பையன் யாரு?” என்று ஒரே ஒரு முறை கேட்டால் போதும். அடுத்த போட்டோ வராது. பெண் பிள்ளைகளுக்கு இதோடு தெரியாத ஆட்களின் கமென்ட், ஸ்கிரீன்ஷாட், போட்டோவை எடுத்து வேறெங்காவது போட்டுவிடுவார்களோ என்ற பயமும் உண்டு. இந்தப் பயம் கற்பனை இல்லை என்பது செய்தி டெஸ்க்கில் உட்கார்ந்திருக்கும் எனக்கு நன்றாகவே தெரியும்.

இரண்டாவது காரணம், ஆப்கள் காணாமல் போவதை இந்தத் தலைமுறை கண்ணால் பார்த்திருக்கிறது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவால் டிக்டாக் சில நாள்கள் ஆப் ஸ்டோர்களிலிருந்து மறைந்தது, பிறகு திரும்பி வந்தது. 2020 ஜூன் 29-ம் தேதி மத்திய அரசின் தடையோடு நாட்டிலிருந்தே போனது. வீடியோக்கள், ஃபாலோயர்கள், லைக்குகள் எல்லாம் ஒரே ராத்திரியில் அவுட். நண்பர்கள் இருந்த குரூப் சாட் மட்டும் அப்படியே இருந்தது. எது நிலைக்கும் என்று அப்போதே புரிந்துவிட்டது.

மூன்றாவது, களைப்பு. பொதுவில் ஒரு போட்டோ போடுவது ஒரு வேலை. எடுக்கணும், எடிட் பண்ணணும், கேப்ஷன் யோசிக்கணும், பிறகு எத்தனை லைக் வந்தது என்று எண்ணிக்கொண்டே இருக்கணும். உள்ளறையில் இது எதுவும் இல்லை. தலை சீவாமல், பாதி முகம் மட்டும் தெரிகிற செல்ஃபியைக்கூட அனுப்பலாம்.

அங்கே என்ன மொழி பேசுகிறார்கள்?

பெரும்பாலும் தமிழ்தான், ஆங்கில எழுத்தில். நடுவில் ஸ்டிக்கர், வாய்ஸ் நோட், எமோஜி. இதில் கவனிக்க வேண்டியது ரீல் அனுப்பும் பழக்கம். ஒரு தோழி எதுவுமே எழுதாமல் ஒரு ரீலை மட்டும் அனுப்புகிறாள். அதற்கு அர்த்தம் “இதைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்துச்சு”. பதிலுக்கு ஒரு சிரிப்பு எமோஜி போதும். அங்கே ரீல்தான் வாக்கியம்.

மீமும் அப்படித்தான். 2019 மே மாதம் ‘நேசமணிக்காகப் பிரார்த்திப்போம்’ என்று உலகமே ட்ரெண்ட் பண்ணியது ஞாபகம் இருக்கும். 2001-ல் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலுவின் தலையில் விழுந்த சுத்தியல், 18 வருடம் கழித்து ட்விட்டரைப் பிடித்தது. எந்த ஏஜென்சியும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. ஃபேஸ்புக்கில் ஒருவர் விளையாட்டாகப் போட்ட கமென்ட்டில் தொடங்கி, தமிழ் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த ஒரு ஜோக்கின் மேல் ஏறிப் பறந்தது. பிராண்டுகள் பின்னாலேயே ஓடி வந்தன. எல்லோரும் சிரித்து முடித்த பிறகு வந்த பிராண்ட் மீம்களை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

அந்த போன் யாருடையது?

‘டீன்ஏஜ் ஆடியன்ஸ்’ என்று மீட்டிங்கில் பேசும்போது எல்லோர் மனதிலும் ஐபோன் வைத்திருக்கும் சென்னைப் பிள்ளைதான் வருகிறது. கிராமப்புற இந்தியாவில் எடுக்கப்பட்ட ஏசர் ஆய்வுகள் வேறு படத்தைக் காட்டுகின்றன. 2024 ஆய்வின்படி 14-16 வயதினரில் 82.2 சதவிகிதம் பேருக்கு ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரியும். அவர்களில், ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் 57 சதவிகிதம். சோஷியல் மீடியாவுக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 சதவிகிதம்.

ஆனால் போன் சொந்தமா? 2023 ஆய்வில், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த 14-18 வயதினரில் ஆண் பிள்ளைகளில் 43.7 சதவிகிதம் பேரிடம் சொந்த போன் இருந்தது. பெண் பிள்ளைகளில் 19.8 சதவிகிதம் பேரிடம் மட்டுமே. மற்றவர்கள் எல்லாம் அப்பா போன், அம்மா போன், அண்ணன் போன்தான்.

சித்தி பொண்ணு வைத்திருப்பதும் சித்தியின் பழைய போன்தான். சிம் சித்தப்பா பெயரில், கூகுள் அக்கவுண்ட் சித்தியுடையது. அதனால் யூடியூபில் அவளுக்கு வரும் விளம்பரங்கள் குக்கர், ஹோம் லோன், முழங்கால் வலித் தைலம். “எனக்கு மூட்டு வலின்னு யாரு சொன்னது?” என்று சிரிக்கிறாள். உங்கள் டேஷ்போர்டில் ‘பெண், 42 வயது’ என்று தெரிவது உண்மையில் 16 வயதுப் பிள்ளையாக இருக்கலாம். இந்த விஷயம் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது திரும்பவும் வரும்.

மார்க்கெட்டிங் ஆட்களுக்கு ஏன் இது பிரச்னை?

ஏனென்றால் உள்ளறையில் நடப்பதை அளக்க முடியாது. தோழி வாட்ஸ்அப்பில் அனுப்பிய லிங்க்கை க்ளிக் செய்து ஒருவர் உங்கள் தளத்துக்கு வந்தால், பல நேரங்களில் அவர் எங்கிருந்து வந்தார் என்பதே கணக்கில் தெரியாது. நேரடியாக வந்தவராகத்தான் பதிவாகும். அமெரிக்கப் பத்திரிகையாளர் அலெக்சிஸ் மேட்ரிகல் 2012-லேயே இதற்கு ‘டார்க் சோஷியல்’ என்று பெயர் வைத்தார். இருட்டு என்றதும் ஏதோ தப்பான விஷயம் என்று நினைக்க வேண்டாம். நம் கணக்குப் புத்தகத்துக்கு வெளிச்சம் எட்டாத இடம், அவ்வளவுதான்.

இது புதுப் பிரச்னையும் இல்லை. 2009 ஜூலையில், லண்டன் மார்கன் ஸ்டான்லி நிறுவனத்தில் வேலை அனுபவத்துக்காக வந்த 15 வயது மாணவர் ஒருவர், தன் வயதுக்காரர்கள் மீடியாவை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று சில பக்க அறிக்கை எழுதினார். டீன்ஏஜ் பிள்ளைகள் ட்விட்டர் பக்கம் போவதில்லை, பாப்-அப்பும் பேனர் விளம்பரமும் படு எரிச்சல், ஆனால் சிரிக்க வைக்கும் வைரல் விளம்பரம் பிடிக்கும் என்று அதில் இருந்தது. முதலீட்டு உலகமே அதை எடுத்துப் படித்தது. ஆப்களின் பெயர்களை மாற்றிவிட்டால், இன்று எழுதியதாகவே நினைக்கலாம். பிள்ளைகள் ஒளிக்கவில்லை. கேட்டால் சொல்கிறார்கள். கேட்டவர்கள்தான் ‘அப்போ அங்கேயும் விளம்பரம் போட்டுவிடலாமா?’ என்று யோசித்தார்கள்.

நான் செய்த ஒரு தப்பு

இதை எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது. மீடியா ஸ்டடீஸ் கடைசி வருடத்தில் ஒரு விளம்பர ஏஜென்சியில் இரண்டு மாதம் இன்டர்ன்ஷிப் செய்தேன். வேலை, ‘சீடிங்’. அதாவது, பிள்ளைகள் பேசும் குரூப்களில் அவர்களில் ஒருத்தி மாதிரி நுழைந்து, பேச்சோடு பேச்சாகப் பொருளை நுழைப்பது. பொருள், முகப்பரு கிரீம்.

தெரிந்த ஜூனியர் ஒருத்தி மூலம், பிளஸ் டூ டியூஷன் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்தேன். மூன்று நாள் சும்மா படித்தேன். ஹோம்வொர்க், கிண்டல், ஒரு டீச்சரைப் பற்றிய வாய்ஸ் நோட். நான்காவது நாள் ஒரு பொண்ணு, ஃபேர்வெலுக்கு வரவே பிடிக்கவில்லை, முகம் இப்படி இருக்கே என்று எழுதினாள். நான் காத்திருந்த தருணம் அதுதான். “நான் இதுதான் யூஸ் பண்றேன், சூப்பரா இருக்கு” என்று லிங்க்கைப் போட்டேன். நான் அந்த கிரீமைத் தொட்டதுகூட இல்லை.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு மெசேஜ்: “அக்கா, நீங்க எந்த பேட்ச்?”

நான் பதில் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து அந்தக் குரூப்பில் ஒரு குட்மார்னிங்கூட வரவில்லை. என்னை யாரும் நீக்கவில்லை. நான் இல்லாமல் வேறு குரூப் தொடங்கிவிட்டார்கள் என்று ஜூனியர் சொன்னாள். அவளை அதில் சேர்க்கவில்லை.

ஏஜென்சி ரிப்போர்ட்டில் 11 க்ளிக் என்று எழுதினோம். ‘நல்ல என்கேஜ்மென்ட்’ என்று பாராட்டும் கிடைத்தது. அந்த 11-ல் ஃபேர்வெலுக்கு வர மாட்டேன் என்ற பொண்ணும் இருந்தாளா என்று இன்றுவரை தெரியாது. அவள் அந்தக் கவலையைப் பகிர இடமாக இருந்த ஒரு குரூப்பை நான் கெடுத்தேன் என்பது மட்டும் தெரியும்.

இதைப் பெரிய அளவில் யோசித்துப் பாருங்கள். பதின்வயதினர் எப்போது தங்களைத் தாழ்வாக, பயனற்றவர்களாக உணர்கிறார்கள் என்பதைக் கண்டறிய முடியும் என்று விளம்பரதாரர்களுக்காகத் தயாரிக்கப்பட்ட ஃபேஸ்புக்கின் உள் ஆவணம் ஒன்றைப் பற்றி 2017-ல் ‘தி ஆஸ்திரேலியன்’ நாளிதழ் செய்தி வெளியிட்டது. உணர்வுநிலையை வைத்து ஆட்களைக் குறிவைக்கும் கருவி எதையும் தாங்கள் வழங்கவில்லை என்று ஃபேஸ்புக் மறுத்தது. நான் கையால் செய்ததை மெஷின் செய்தால் எப்படி இருக்கும் என்பதுதான் அந்தச் செய்தி எழுப்பிய பயம்.

சட்டம் என்ன சொல்கிறது?

* இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ன்படி, 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள்தான். 17 வயது 11 மாதம் என்றாலும் குழந்தைதான்.

* அவர்களது தரவைக் கையாள, சரிபார்க்கக்கூடிய பெற்றோர் சம்மதம் வேண்டும்.

* அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. சில விலக்குகள் உண்டு. குழந்தைகள் தொடர்பான கடமைகளை மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம்.

* விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம், அதாவது 2027 மே வரை.

நிறுவனங்களும் அசைய ஆரம்பித்திருக்கின்றன. மெட்டா 2023-லிருந்து டீன்ஏஜ் பயனர்களுக்கான விளம்பரங்களில், ஆணா பெண்ணா என்பதை வைத்துக்கூடக் குறிவைக்க முடியாதபடி, வயதையும் இருப்பிடத்தையும் மட்டுமே விட்டுவைத்தது. இன்ஸ்டாகிராமின் ‘டீன் அக்கவுண்ட்’ 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. அதில் அக்கவுண்ட் தானாகவே பிரைவேட் ஆகிவிடும், தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது. உள்ளறைக்கு உள்தாழ்ப்பாள் போட்ட மாதிரி.

இப்போது அம்மா போன் விஷயத்துக்கு வருவோம். வயதைக் கேட்கும் பெட்டியில் 2005 என்று தட்டிவிட்டுப் போவது எந்தப் பிள்ளைக்கும் இரண்டு விநாடி வேலை. அம்மாவின் அக்கவுண்ட்டில் இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பெட்டியே வராது. ‘எங்கள் ஆடியன்ஸ் எல்லாம் 18 பிளஸ்’ என்று ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிட்டு, பள்ளிக்கூட யூனிஃபார்ம் போட்ட ரீல் எடுக்கும் பிராண்டுகளை நாம் பார்க்கத்தான் செய்கிறோம். சட்டத்தின் எழுத்தைத் தாண்டி, அந்த இடத்தில் ஒரு நேர்மை வேண்டும்.

‘அப்போ விளம்பரமே பண்ணக் கூடாதா?’

நியாயமான கேள்வி. திருப்பூரில் பத்து மெஷின் போட்டு டி-ஷர்ட் தைத்து இன்ஸ்டாவில் விற்பவருக்கு, கல்லூரி, பள்ளிப் பிள்ளைகள்தான் முக்கிய வாடிக்கையாளர்கள். ஆப்கள் இலவசமாகக் கிடைப்பதும் விளம்பரத்தால்தான். தெருவில் கடை போடுவதை யாரும் தடுக்கவில்லை. கூப்பிட்டால் திண்ணையில் உட்காரலாம். உள்ளறைக்குள் மட்டும் நுழையக் கூடாது. அந்த எல்லைக்குள் நின்றே செய்யக்கூடியவை நிறைய:

* நுழையாதீர்கள், எடுத்துப் போகும்படி செய்யுங்கள். ஒரு ரீலைத் தோழிக்கு அனுப்ப வைக்கும் காரணம் உங்கள் லோகோ கிடையாது. சிரிப்பு, பயன், ‘இது நம்ம கதைடி’ என்ற உணர்வு. புதியவர்களிடம் ஒரு ரீல் போய்ச்சேர, லைக்கைவிட அது எத்தனை பேருக்கு அனுப்பப்படுகிறது என்பதே முக்கியம் என்று இன்ஸ்டாகிராமே சொல்கிறது. அனுப்பப்பட்ட எண்ணிக்கை உங்கள் இன்சைட்ஸ் பக்கத்திலேயே இருக்கிறது. யார் யாருக்கு அனுப்பினார்கள் என்று தெரியாது. தெரியவும் வேண்டாம்.

* ஆளைத் தொடராதீர்கள், இடத்தைப் பாருங்கள். பேனா விற்பவர் பொதுத்தேர்வு டிப்ஸ் வீடியோவுக்குப் பக்கத்தில் விளம்பரம் வைக்கலாம். பார்ப்பவர் யார், நேற்று என்ன தேடினார் என்ற ஜாதகம் தேவையில்லை. ஸ்கூல் வாசலில் பேனா கடை போடுகிற அதே பழைய லாஜிக்.

* விளம்பரம் என்றால் விளம்பரம் என்று சொல்லுங்கள். இன்ஃப்ளூயன்சர்கள் பணமோ பரிசோ வாங்கிப் பேசினால் அதைக் குறிப்பிட வேண்டும் என்று ஏஎஸ்சிஐ 2021-லேயே நெறிமுறை கொண்டுவந்தது. மத்திய அரசும் 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. என்னை மாதிரி தோழி வேஷம் போட்டு நுழைவது இதற்கு நேர் எதிர்.

* அவர்களாக மெசேஜ் போட்டால் பதில் சொல்லுங்கள். ‘சைஸ் எம் இருக்கா?’ என்று டிஎம் வருவது, அவர்களாகவே உங்களுக்குக் கதவைத் திறப்பது. ‘இந்த நம்பருக்கு கால் பண்ணுங்க’ என்று அனுப்பினால் கதவு மூடிவிடும். ஒரு மனிதர் மரியாதையாகப் பதில் எழுதினால், அந்த ஸ்கிரீன்ஷாட் அவர்களது குரூப்புக்குப் போகும்.

* அளக்க முடியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆர்டர் செய்யும் இடத்தில் ‘எங்களைப் பற்றி எப்படித் தெரியும்?’ என்று ஒரே ஒரு கேள்வி. ‘ஃப்ரெண்ட் சொன்னாள்’ என்ற பதில் எத்தனை என்று எண்ணுங்கள். மளிகைக் கடை அண்ணாச்சி காலங்காலமாகச் செய்கிற ஆய்வுதான் இது.

இதெல்லாம் மெதுவான வேலை. மாதக் கடைசி ரிப்போர்ட்டில் பளிச்சென்று தெரியாது. 11 க்ளிக்குக்குப் பாராட்டு வாங்குவதைவிட, ‘ஃப்ரெண்ட் சொன்னாள்’ என்று வரும் மூன்று ஆர்டரை மேனேஜருக்கு விளக்குவது கஷ்டம்தான். ஆனால் அந்த மூன்று பேர் திரும்பவும் வருவார்கள்.

கடைசியாக ஒன்று

உள்ளறையில் எல்லாமே நல்லதாகத்தான் நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. கேலி, மிரட்டல், ஏமாற்று எல்லாம் அங்கேயும் உண்டு. ஒரு பிள்ளை தானாக வந்து சொல்லும் அளவுக்கு வீட்டில் ஒருவராவது நம்பிக்கையாக இருக்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான். பெரியவர்கள் எட்டிப் பார்த்தாலும், பிராண்டுகள் ஒட்டுக் கேட்டாலும், முதலில் உடைவது அந்த நம்பிக்கை. பிள்ளைகள் சண்டை போட மாட்டார்கள். சத்தமில்லாமல் வேறு குரூப் தொடங்கிவிடுவார்கள். அங்கே நமக்கு இடம் இருக்காது, உதவி தேவைப்படும் நாளிலும்.

சித்தி பொண்ணின் ஃபாலோ ரிக்வெஸ்ட்டை ஏற்றுக்கொண்டேன். அன்று ராத்திரி ஒரு ரீல் அனுப்பினாள். எதுவும் எழுதவில்லை. டியூஷன் முடிந்து தூங்கி வழியும் பூனை வீடியோ. ‘இது எந்த பிராண்ட் விளம்பரம்?’ என்று ஆராயத் தோன்றியது, தொழில் பழக்கம். விட்டுவிட்டு ஒரு சிரிப்பு எமோஜி மட்டும் அனுப்பினேன்.